பால்கனியில் வளர்ந்த சீந்தில்

நாங்கள் பிழைக்க வந்த ஹடப்சரில், எங்கள் குடியிருப்பின் காம்பவுண்டு ஓரம், தோட்டக்காரர் வெட்டி எறிந்த கொடி ஒன்று கிடந்தது. பதினைந்து நாள் ஏப்ரல் வெயில். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பதினாறாம் நாள் அதில் துளிர் விட்டிருந்தது. போனில் தேடினேன். சீந்தில், இந்த ஊரில் குள்வேல். சர்க்கரைக்கு நல்லது என்றும் போட்டிருந்தது. தண்ணீரே இல்லாமல் பிழைக்கும் கொடி அக்காவின் சர்க்கரையை அடக்காதா? அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான்.

அக்கா, மாமா, நான், மூவரும் ஒரே வீடு. மாமா, சாகண் ஊர்க் கம்பெனியின் பஸ்ஸுக்கு விடியுமுன் கிளம்பிவிடுவார். சாண் நீளத் துண்டுகள் இரண்டைத் தொட்டியில் நட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் பால்கனி கிரில் முழுக்க வெற்றிலை போல இலைகள். தினமும் விரல் நீளத் தண்டை நசுக்கிக் கொதிக்கவைத்து, அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு அரை டம்ளர்.

"ஏன்டா, இதைக் குடிக்கறதுக்குச் சர்க்கரையோடவே செத்துப்போயிரலாமாட்ட இருக்குது" என்பாள். கண்ணை மூடிக் குடித்தும் விடுவாள்.

முதலில் அக்காவுக்குப் பசி போனது. பிறகு சிறுநீர் பால் விடாத டீ நிறத்துக்கு வந்தது. கண்ணில் மஞ்சள். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் பிலிருபின் (ரத்தத்தில் தேங்கும் மஞ்சள் நிறமி) எகிறியிருந்தது.

"வேறு மருந்து ஏதாவது?" டாக்டர் இந்தியில் கேட்டார்.

"இல்லை" என்றேன். படிவத்திலும் எழுதினேன். பொய் சொல்லவில்லை. கடையில் வாங்குவதுதானே மருந்து? கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வளர்வதை யார் எழுதுவார்கள்? கல்லீரலுக்கும் சீந்தில் நல்லதென்று எங்கோ படித்து, அக்காவின் அரை டம்ளரை முழு டம்ளராக்கினேன்.

மூன்று வாரத்தில் மஞ்சள் இரு மடங்கானது. பயாப்ஸிக்குப் (ஊசியால் கல்லீரல் திசுவைத் துளி எடுத்துப் பார்ப்பது) படுக்கவைத்து, கொஞ்சம் வலிக்கும் என்றார் டாக்டர். அக்கா அரைகுறை இந்தியில் சொல்லிச் சிரித்தாள்: தம்பி தரும் காடாவை (கஷாயத்தை) விடவா கொடுமை?

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "எந்தக் காடா?"

சீந்தில் சிலருக்கு, உடலே கல்லீரலைத் தாக்கும்படி தூண்டிவிடுமாம். நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடுமாம். அக்காவுக்கு ஆகவில்லை. ஸ்டீராய்டு (உடல் தன்னையே தாக்குவதை அடக்கும் மருந்து) கொடுத்ததில் மஞ்சள் இறங்கவில்லை, சர்க்கரைதான் ஏறியது. வயிற்றில் நீர் கோத்தது. கூடவே குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கலாம். புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. டாக்டர் கேட்டால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

கொடியை வெட்டி மூலையில் போட்டேன். அது நூல் நூலாக வேர் விட்டது. அக்கா சோபாவில் படுத்தபடி பார்த்தாள்.

"உன்ற கொடிக்கு இருக்கற ரோசம் என்ற ஈரலுக்கு இல்லியே."

எங்கள் வீட்டில் இப்போது நாட்காட்டி கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாழ்கிறோம். குளிக்கும்போது என் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போகிறது. அங்கிருக்கும் ஈரலில் ஒரு பகுதியை அக்காவுக்கு வைக்கலாமாம். மாமாவின் ரத்த வகை சேரவில்லை, என்னுடையது சேர்கிறது. அதுவரை அவள் தாங்க வேண்டும்.

ஈரல் தரத் தகுதி உண்டா என்று திங்கட்கிழமை எனக்குப் பரிசோதனை. படிவத்தில் அதே கேள்வி. சீந்தில், தினம் அரை டம்ளர், நான்கு மாதம் என்று எழுதினேன்.

"இதைப் பாத்து உன்னை வேண்டாம்னுட்டா?" என்றார் மாமா.

அக்காவுக்கு வேறு ஆள் இல்லை. எழுதியதை அடிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.