ஹெச்.டி. போடுமுன் கூவ வேண்டியவன்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ரேடார் இருந்ததாம். அதை ஓட்டுமுன் உரக்கக் கூவுவதற்கென்று ஒரு வாயில்லாப் பூச்சியை வேலைக்கு வைத்தார்களாம். ஊர், ஓசூருக்குப் பக்கம். பூச்சி, நான். நாலு பேர் நடுவே வாய் திறக்க வராத அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

கூவல்

சண்டையில் ஓடி ஓய்ந்து, எங்கள் ஷெட்டுக்குப் பழுது பார்க்க வந்த பெட்டி அது. உள்ளே மின்சாரம் மெல்ல மெல்லச் சேர்ந்து நிற்கும். ட்ரிக்கர் என்கிற சின்னத் துடிப்பு வந்து தொட்டதும் அத்தனையும் ஒரே பாய்ச்சலாய்ப் பாயும். காசிம் அண்ணன் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு வேலை பார்ப்பார். ஹெச்.டி. என்கிற உயர் அழுத்த மின்சாரத்தின் ஸ்விட்ச் என் பொறுப்பு. "ஹெச்.டி. போடறேன்" என்று நான் கூவ வேண்டும்; அவர் "போடு" என்றால்தான் போடலாம். முதல் நாள் என் கூவலைக் கேட்ட சூப்பர்வைசர் சொன்னார்: "பொண்ணு பார்க்க வந்தாப்பல முனகறியே! உனக்குக் குரல் வரலேன்னா காசிமுக்கு உசுரு போயிரும்டா."

நகர்ந்த மலை

அலை போய் மலையில் முட்டித் திரும்பும் நேரம்தான் தூரக் கணக்கு. அலை கிளம்பும் கணத்திலேயே திரையும் எண்ணத் தொடங்க வேண்டுமென்று இரண்டுக்கும் ஒரே ட்ரிக்கர். ஒரு காலையில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மலை, திரையில் இரண்டு மைல் கிட்டே வந்து உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர் ஆன்டெனாவைத் திட்டினார். "திரைக்கு ட்ரிக்கர் லேட்டா வருதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஜெனரேட்டர் இரைச்சலில் என் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற காசிம் அண்ணன் அதையே உரக்கச் சொன்னார். திரைக்கு ட்ரிக்கர் அனுப்பும் வால்வு என்கிற கண்ணாடிக் குழலை மாற்றினோம், மலை தன் இடத்துக்குப் போயிற்று. முதுகில் தட்டிக்கொடுத்த சூப்பர்வைசரிடம் அண்ணன் சொன்னார்: "கண்டுபுடிச்சது இவன் சார். நான் வெறும் ஸ்பீக்கரு."

ஸ்விட்ச்

அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த நாள். அண்ணன் பெட்டிக்குப் பின்னால் ட்ரிக்கர் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் கூவினேன். பதில் இல்லை. மறுபடி கூவ மூச்சிழுப்பதற்குள், "இவனோட பெரிய ரோதனை" என்று சூப்பர்வைசரே எட்டி ஸ்விட்சைத் தட்டிவிட்டார். பின்னாலிருந்து ஓர் அலறல்.

நல்லவேளை, கையில் அடித்தது ட்ரிக்கரின் சின்னத் துடிப்பு மட்டும்; சேர்ந்து நின்ற மின்சாரம் பாயவில்லை. கையை உதறிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தபோது ஸ்விட்ச் பக்கத்தில் நின்றவன் நான். சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதிகாரியோடு நடையைக் கட்டினார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அண்ணன் சொன்னார்: "உன்னை நம்பித்தானேடா உள்ளே கை வுட்டேன்."

அவர் வாசலைத் தாண்டிப் போன பிறகு "நான் போடலண்ணா" என்றேன். ஷெட்டே அதிரும்படி, நன்றாகவே வந்தது குரல்.