வலது கைக்கு ஓய்வு

இரண்டு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டிய ஜம்ப்பில், நான் ஒன்றரைச் சுற்றிலேயே பொத்தென்று விழுந்துகொண்டிருந்தேன். ஒருநாள் இருநாள் இல்லை, ஐப்பசி மழையில் தொடங்கி மாசி வரைக்கும். பனித்தரைக்கெல்லாம் மதுரையில் எங்கே போவது? ஐஸ் என்றால் எங்களுக்கு ஜூஸ் கடையோடு சரி. ஆனையூரில் ஒரு சிமெண்ட் தளத்தில், நாலு சக்கரம் வைத்த ஷூவில்தான் எங்கள் ஃபிகர் ஸ்கேட்டிங். சிமெண்டுக்கு ஈவு இரக்கம் கிடையாது. அந்த மாதங்களில் என் இடுப்பு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

காற்றில் ஏறியதும் உடம்பை இறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கை இரண்டும் நெஞ்சோடு, முழங்கை விலாவோடு, கணுக்காலோடு கணுக்கால் பின்னி, வயிறு உள்ளே, பார்வை நேரே. எவ்வளவு ஒடுங்குகிறோமோ அவ்வளவு வேகமாகச் சுற்றும். ஒரு கை வெளியே நீண்டால் போதும், சுற்று பாதியில் படுத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மொட்டை மாடியில் வெறுங்காலோடு குதித்தால் குச்சி மாதிரி சுற்றுவேன். காலுக்குக் கீழே சக்கரம் ஓட ஆரம்பித்தால்தான் வினை.

எங்கள் கோச் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் பொறுமை தீர்ந்துபோனது.

"அடுத்த வாரம் செலக்‌ஷன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு தடவையாச்சும் நின்னு காட்டு. இல்லைன்னா அந்த ஜம்ப்பைத் தூக்கிட்டுச் சின்னதா ஒண்ணு வச்சிருவேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஜம்ப் இல்லாத ஆட்டம் யாருக்கு வேண்டும்? ஒரு வருஷமாக அதை நினைத்துத்தான் தூங்குகிறேன், அதை நினைத்துத்தான் எழுந்திருக்கிறேன். முறைத்துக்கொண்டே போய் மறுபடி குதித்து, மறுபடி விழுந்தேன். அக்கா அதைப் போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள்.

தரையை விட்டு ஏறுகிறேன். வலப்பக்கம் சுழல ஆரம்பிக்கிறேன். தலைத்துணி கூட இறுக்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வலது கை நெஞ்சை விட்டுக் கிளம்பி, விரல் சேர்த்து, உள்ளங்கை கீழே பார்க்க, பக்கவாட்டில் நீளுகிறது. போதாக்குறைக்குத் தலை வேறு திரும்பி, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை.

"யாருக்குடி கை காட்டுற?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தெரிந்தது.

அப்பா எங்கள் வீட்டில் அத்தா. அவருக்குக் கோரிப்பாளையத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. பயிற்சி முடிந்ததும் அவரே வண்டியில் வந்து கூட்டிப்போவார். அந்த ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே செத்துவிட்டது. "நீ இருக்கேல்ல, எதுக்கும்மா இண்டிகேட்டர்?" என்று அதை அப்படியே விட்டுவிட்டார். இடது கையில் வாளி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது கையை நீட்டி, பின்னால் பஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அன்றும் கடைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி சாய்ந்தது, முகத்தில் காற்று அடித்தது, நான் கேட்காமலேயே கை நீண்டது. விரல் சேர்த்து, உள்ளங்கை கீழே பார்க்க.

அடப்பாவி கையே என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அத்தா பயந்துபோய் பிரேக் அடித்தார், வாளி உருண்டது.

மறுநாள் முதல் கை காட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். அத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கைகளை நெஞ்சோடு கட்டி, ஆடாமல் அசையாமல் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அத்தா வழக்கம்போல என் கையை நம்பித் திரும்ப, பின்னால் வந்த ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது.

"யோவ் அண்ணே! கையக் காட்டித் திரும்ப மாட்டியா?"

அத்தா வண்டியை ஓரம் கட்டினார். "ஏம்மா, கைய எங்க வச்சிருக்க?"

நடுரோட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் ஓட்டை வண்டியால்தான் என் ஜம்ப் போகிறது என்று கோபத்தில் சொல்லியும்விட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"வயரிங்கையே மாத்தணும்னு மெக்கானிக் சொன்னான்" என்றார். "அம்புட்டு மாத்துனாலும் நம்ம ஊர்ல லைட்டை எவன் பாக்குறான்? கையத்தான் நம்புவான்."

மறுநாள் பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, வண்டியின் பின்னால் ஆரஞ்சு விளக்கு பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. அத்தா சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டிக் காண்பித்தார். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவர் நின்ற நிற்பு. ஆனால் கோரிப்பாளையம் வந்ததும் இரண்டு பேருமே தடுமாறினோம். விளக்கு மின்னுகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடிக்கிறேன். அவர் கண்ணாடியில் என் கையைத் தேடுகிறார். எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேலையை விட்டு நின்றுவிட்டவள் போல இருந்தது.

தினமும் அப்படியே போனோம், வந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் முழங்கையை விலாவோடு நெருக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, நேரே அத்தாவின் பிடரியைப் பார்த்தேன். வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தளத்தின் கம்பியோரம் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களோடு நின்றார். அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். ஓடினேன், ஏறினேன், கை நெஞ்சிலேயே இருந்தது. தளம், கம்பி, வேப்பமரம், மறுபடி தளம், கம்பி, வேப்பமரம். இடது காலில் இறங்கினேன். ஆடியது, ஆனால் நின்றேன்!

அக்கா கத்திக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு படத்தை ஓடவிட்டாள். நான் ஒடுங்கிச் சுற்றுவதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் பின்னால் கம்பியோரத்தைக் கவனித்தேன். நான் தரையை விட்டு ஏறிய அதே நேரம், அத்தாவின் வலது கை விரல் சேர்த்து, உள்ளங்கை கீழே பார்க்க நீண்டிருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பிள்ளையின் அம்மா குனிந்து தப்பித்தார். அத்தா திரும்பித் தோளுக்குப் பின்னால் வேறு பார்க்கிறார். நான் இறங்கி நின்ற பிறகுதான் அந்தக் கை மடங்கியது.

"எதுக்கு அத்தா நீங்க கை காட்டுனீங்க?" என்று வண்டியில் ஏறும்போது கேட்டேன்.

"நீ திரும்புறேல்ல" என்றார், சாவியைப் போட்டுக்கொண்டே. "பின்னாடி வர்றவனுக்கு யாராச்சும் சொல்லணும்ல."