பத்து வராது

காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அக்காவுக்குக் கொப்பி. அதில் அவள் வரிவரியாக எழுதிய நான்குகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று எங்கள் லயம். மாவனல்லையிலிருந்து பாடசாலைக்கு வந்துபோன கணக்கு சேர் ஒரு வெள்ளிக்கிழமை புதிர் ஒன்று கொடுத்தார். நான்கு நான்குகள் மட்டும். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். ஒட்டி நாற்பத்துநான்கு என்று எழுதக் கூடாது. பூச்சியம் முதல் பத்து வரை எல்லா எண்ணும் வர வேண்டும். நான்கும் நான்கும் எட்டு; நான்கை நான்கால் வகுத்து வரும் ஒன்றை அதில் கழித்தால் ஏழு. இப்படி ஒன்பது வரை அன்றைக்கே முடித்துவிட்டாள். பத்து மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை ஐந்து தாள்களோடு போனாள். நான்குகளைச் சேர்க்கக்கூடிய எல்லா வழிகளையும் எழுதி, எதிலும் பத்து வராது என்று காட்டியிருந்தாள். அது சேருக்கே தெரியாதாம். மாலையில் லயத்துக்கு வந்து அப்பாவிடம், "இந்தப் புள்ளய எப்படியாச்சும் கணக்கு படிக்க வைங்க" என்றார்.

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு தமிழில் எங்கள் பக்கம் எங்கும் இல்லை. அக்கா தனியாகவே டவுன் சிங்களப் பாடசாலை அதிபரைப் போய்ப் பார்த்தாள். சிங்களம் பேசுகிறாய், எழுத வருமா என்று அவர் கேட்டார். மூன்று மாதத்தில் எழுதிக் காட்டினாள். இடம் கிடைத்தது. சீருடைத் துணி வாங்கிய வாரம், ரப்பர் பால்வெட்டப் போன அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அம்மா அதற்கு முன்பே இறந்திருந்தாள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் லயத்து அறை போய்விடும். அக்கா தோட்ட வேலைக்குப் பெயர் பதிந்தாள். "அப்பா எழும்புற வரைக்கும்தான்" என்று என்னிடம் சொன்னாள். அப்பா எழும்பவேயில்லை. அந்தத் துணி எனக்குத் தைக்கப்பட்டது.

நான் படித்து இரத்தினபுரியில் கிளார்க்கானேன். வாடகை அறையில் ஐந்து பேராக இருக்கிறோம். கணவனை இழந்த அக்காவுக்கு இப்போது கை நடுங்குகிறது. மரத்தில் கத்தி நிற்பதில்லை. இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் அவள் மகள் கணக்கில் ஏ எடுத்தாள். அடுத்த மாதம் தோட்டத்தில் பெயர் பதியப் போகிறாள்.

போன வாரம் போயிருந்தபோது அக்கா என்னைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னாள்: "நான் கணக்குப் போட்டதெல்லாம் அவகிட்ட சொல்லிறாத. தெரிஞ்சா ஆசப்படுவா."

நான் சொல்லவில்லை. தன் கணக்கு மூளை இறந்துபோன தகப்பன் வழியில் வந்தது என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.