உள்ளங்கையில் கொத்துக்கறி

மாட்டுக்கறியை நான் வாயில் வைத்ததில்லை. ஆனால் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஈஸ்டர் காலைக்கு அதைச் சமைப்பவன் நான்தான். என் கல்யாணத்துக்குச் சம்மதித்த அன்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "மாதா கோயிலுக்குப் போ, எங்கனா போ. அத மட்டும் தின்னுடாதடா." சத்தியம் செய்து கொடுத்தேன். எங்களுடையது விவசாயக் குடும்பம். மாடு வீட்டு ஆள் மாதிரி.

மனைவியின் வீட்டிலோ தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது. ஈஸ்டர் காலையில் கொத்துக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுதான் நோன்பை முடிப்பார்கள். அதைச் செய்வது மாமனாரின் உரிமை. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் வெங்காயம் நறுக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு வதக்கவும் கூப்பிட்டார். கடைசியில் எல்லாமே என் தலையில் விழுந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் செய்தார். உப்புப் பார்ப்பதும் அவர்தான். என் உள்ளங்கையில் கொஞ்சம் கறியை வைத்துப் பின்பக்கம் நீட்டுவேன். விரலால் எடுக்க முடியாமல், குனிந்து வாயாலேயே எடுத்துக்கொள்வார். சரியாக இருந்தால் "த்ரே பியேன், மாப்ள" என்று பிரெஞ்சில் பாராட்டு. திட்டு மட்டும் சுத்தத் தமிழில் கிடைக்கும்.

இந்த வருடம் தவக்காலத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் போய்விட்டார். அதிலிருந்து மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் நோன்பு என்பாள். சனிக்கிழமை, "நாளைக்கு ரொட்டி போடட்டுமா?" என்றேன்.

"கருவடிக்குப்பத்துலேருந்து தம்பி வூட்ல வருவாங்க. அவங்களுக்குப் போடுங்க. எனக்கு வேணாம்."

நோன்பு முடிந்த பிறகும் இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது.

விடிந்ததும் கறி வாங்கினேன். பெரிய மார்க்கெட்டில் அம்மா இருக்கும் எங்கள் கிராமத்து ஆட்கள் காய் விற்கிறார்கள். அதனால் பையின் மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வைத்து மூடிக்கொண்டேன். வருடா வருடம் நடப்பதுதான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. அவர்களுக்கும் தெரியாமலா இருக்கும்? நீட்டு ரொட்டி நான்கு வாங்கி வீட்டுக்கு வந்தபோது, இரவுப் பூசைக்குப் போய் வந்தவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கறி வேகும்போது எனக்கு எப்போதும் பாதித் தூக்கம் போல ஒன்று வந்துவிடும். அன்றும் வந்தது. ஜன்னல் வெயில் ஆவியில் பட்டு அடுப்படியே பால் நிறமாகிவிட்டது. பூண்டும் மிளகும் ஜாதிக்காயும் கலந்த வாசனை மெல்ல எழுந்தது. எங்கோ மணி அடித்தது, பக்கத்திலா தொலைவிலா என்று தெரியவில்லை. மாமாவின் நாற்காலி எனக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அவர் அதில் இருப்பதாகவே தோன்றியது. திரும்பினால் போய்விடுவார் என்று திரும்பாமலே கிண்டினேன். ஈரம் வற்றியதும் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துப் பின்பக்கம் நீட்டினேன்.

யாரும் எடுக்கவில்லை.

கை நீட்டியபடியே நின்றேன். கறி ஆறிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அழுதேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் ஒரு வாய் சாப்பிட்டாலும் அது சரியாக இருக்க வேண்டுமே. இனி யார் பார்த்துச் சொல்வது? அம்மாவை மனதில் ஒரு முறை கும்பிட்டுவிட்டுக் கையை என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். மனைவி, கலைந்த தலையோடு நின்றாள்.

"அத்தைக்கு என்னன்னு பதில் சொல்லுவீங்க?"

என் கையைத் தன் பக்கம் திருப்பினாள். அப்பாவைப் போலவே குனிந்து வாயால் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடி வெகுநேரம் மென்றாள். பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உப்பு பத்தலீங்க. போட்டுட்டு இன்னொரு வாய் குடுங்க."