காய்ந்தது ஆறு, ஓடுவது ஓடை

ஐவி பெல்டனின் ஆட்டுப் பண்ணைக்கு மேற்கு எல்லை வில்காரா ஆறு. பத்திரத்தில் ‘ஆறு வரை’ என்றுதான் இருக்கிறது. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிப் பல வருடமாகிறது.

பண்ணைக்கு வடக்கே ஆறு இரண்டாகப் பிரிந்து, தெற்கே மறுபடி சேர்கிறது. நடுவில் ஒரு திடல். எங்கள் பக்கத்துப் பழங்குடிகள் இரண்டு கிளைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் சொல்வார்கள். முதலில் வரைபடம் போட வந்தவர், அந்த வருடம் மேற்குக் கிளையில் தண்ணீரைப் பார்த்து அதை ஆறு என்று எழுதினார். கிழக்கே இருந்ததற்கு, அக்கரைப் பண்ணைக்காரர் பெயரால் டோலி ஓடை என்று போட்டார். பிறகு மணல் சேர்ந்து மேற்குக் கிளை தூர்ந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு மாறியது. நாங்கள் ஓடையில் மீன் பிடிப்போம், ஆற்றில் வண்டி ஓட்டுவோம்.

அந்தத் திடலில்தான் ஐவியின் குட்டை இருக்கிறது. எந்த வறட்சிக்கும் வற்றாதது. கணவர் ஆல்ஃப் இறந்த பிறகு எழுபது வயதிலும் அவர் தனியாகப் பண்ணையை நடத்தியது அதை நம்பித்தான். போன வறட்சியில், நடக்க முடியாத ஆடுகளை வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து அங்கே ஓட்டிப்போனார். நாய் பின்னால் குந்தியிருந்தது.

இந்த வருடம் வரைபடத்தைத் திருத்த ஓர் அதிகாரி வந்தாள். தண்ணீர் ஓடுகிற கிளைக்கே ஆறு என்ற பெயரை மாற்றுவதாக இருந்தது. மாற்றினால் எல்லை கிழக்கே நகரும். திடலும் குட்டையும் அக்கரை ரெக்ஸ் டோலிக்குப் போய்விடும். ஐவி பண்ணையை விற்றுவிட்டு அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதிகாரியை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். ஐவி எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.

“தண்ணி எதுலம்மா ஓடுது?” என்று கேட்டாள் அதிகாரி.

“ஓடையிலதான். கண்ணு முன்னால ஓடுறத இல்லேன்னா சொல்றது?” என்றார் ஐவி.

இரு கரைக்காரரையும் கேட்கவேண்டும் என்று ரெக்ஸையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவருடைய காளை ஐவியின் வேலியை முறித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. திட்டுவது மட்டும் உண்டு. அவர் வாசலோடு நின்றுகொண்டார்.

“நீங்க சொல்லுங்க ஐயா, எது ஆறு?”

ரெக்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அந்தா மேக்கால மணலா கெடக்கே, அதான் ஆறு.”

“அதுல தண்ணியே இல்லையே!”

“இல்லாட்டி என்ன? வரும்போது வரும். இது ஓடை. ஏதோ நல்ல காலம், தண்ணி ஓடுது.”

“பேர மாத்துனா உங்களுக்குத்தாங்க நெலம் சேரும்.”

“எங்க தாத்தா பேரு ஒங்க படத்துல அந்த ஒரு எடத்துலதாம்மா இருக்கு. அதையும் அழிச்சிட்டா, டோலின்னு ஒருத்தன் இருந்தான்னு எவனுக்குத் தெரியும்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். அந்தத் தாத்தாவை ரெக்ஸ் ஒருநாளும் நல்லவிதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரு கரைக்காரரும் ஒப்பினால்தான் பெயரை மாற்ற முடியும் என்று சொல்லி அதிகாரி தாளை மடித்துக்கொண்டாள்.

ஐவி சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார்:

“யோவ் ரெக்ஸு, ஒன் காள மறுபடியும் என் ஆத்துல நிக்குது!”

“நிக்கட்டும். நனைஞ்சா போயிரும்?”

“வாசல்ல நின்னு ஈய உள்ள விடாத. வந்து ஒக்காரு” என்று இன்னொரு கோப்பையை எடுத்தார் ஐவி.