சனிக்கிழமை, துறைமுகத்தில் கொஞ்ச நேரம்

முழு ஆண்டு விடுமுறையில் நான் ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம் போகிறேன். முதல் பயணம் அம்மாவுடன், இரண்டாவது அப்பாவுடன். அப்பா ஒரு வருடமாக முடிச்சூரில் தனியாக இருக்கிறார்.

இன்று டிக்கெட் போட, அம்மாவும் நானும் தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம்.

"ரெண்டு ட்ரிப்புக்கும் ஒரே ரூம் போட்டுட்டேன் மேடம். பாப்பா நடுவுல பெட்டியே கட்ட வேணாம்" என்றார் அங்கிருந்த அண்ணா.

பிறகு என் பிறந்த தேதியைப் பார்த்தார்.

"பாப்பா மைனர். தனியா கப்பல்ல இருக்க விட மாட்டாங்க. சனிக்கிழமை காலைல நீங்க கூட்டிட்டு எறங்கணும், மத்தியானம் சார் கூட்டிட்டு ஏறணும்."

"அதுவரைக்கும்?" என்றார் அம்மா.

"ஹார்பர்லயே வெயிட் பண்ணுங்க. சார் கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டா மூணு பேரும் ஒண்ணா சாப்பிடலாமே!"

அவருக்கு எங்கள் கதை தெரியாது. எனக்கோ அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. என்ன சாப்பிடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அம்மா அங்கேயே கீழ்க்கட்டளை சித்திக்குப் போன் செய்தார்.

"சனிக்கிழமை ஹார்பருக்கு வந்துடுடி. இவளை உன்கிட்ட விட்டுட்டு நான் கெளம்பிடறேன். அவர் வந்ததும் ஒப்படைச்சிடு."

சித்தி உடனே சரி என்றுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். "கப்பல்ல போகப் போற, மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு?" என்றார் அம்மா.

சித்தி ரொம்ப நல்லவர். அதனால் கொஞ்சமாகத்தான் கேட்கிறேன். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அவருக்கு லேசாகக் காய்ச்சல் வர என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.