எல்லாவற்றுக்கும் ஓம்

என் கணவர் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக்கொடுக்கும் வேலை செய்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் போய் வருவார். வாய் ஓயாத மனிதர். கடைக்கு வரும் பெண்களிடம், சட்டைத்துணி வெட்டி முடிவதற்குள் ஊர், பிள்ளைகள், மாமியார் எல்லாம் விசாரித்துவிடுவார்.

தீபாவளிக்கு முந்தின கிழமை. கடை நிறையச் சனம். வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுத்து மறுபடியும் வெட்டினார். துணி கோணலாகப் போனது. முன்னால் நின்ற பெண் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. பக்கத்து மேசையில் வேலை செய்தவர் ஓடிவந்து பிடித்தார். அதற்குள் நாக்குக் குழறி, வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேனேஜர் வந்து பார்த்து, பிரஷராக இருக்கும், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று ஓட்டோவில் ஏற்றிவிட்டார். இதையெல்லாம் அந்தப் பக்கத்து மேசைக்காரர்தான் மறுநாள் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னார்.

காலிக்குப் போகும் பெருந்தெருவின் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, வழியில் இருந்த ஆஸ்பத்திரிகளையெல்லாம் தாண்டி, ஓட்டோ எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. மாடிப்படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்தார். அதே ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

"கொஞ்சம் வெள்ளன கொண்டுவந்திருக்கலாமே, அம்மா," என்றார் டாக்டர்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஆமா என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம் மட்டும்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம்.

வேலையிடத்தில் தொடங்கிய நோய்வருத்தத்துக்கு நட்டஈடு கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கேட்டோம். கடைக்காரர்கள் மறுத்தார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டு நடந்து போன மனிதர், விழுந்தது தன் வீட்டுப் படியில், அது நோய், வேலையில் பட்ட காயம் இல்லை என்றார்கள். விசயம் தொழிலாளர் நட்டஈட்டு விசாரணைக்குப் போனது.

சாட்சி சொல்லக் கேட்டு, பக்கத்து மேசைக்காரரின் கிராண்ட்பாஸ் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நான் கண்டது உண்மைதான். ஆனா அங்க வந்து சொன்னா எனக்கு அடுத்த நாள் வேலை இருக்காது."

உள்ளறையில் அவருடைய பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

விசாரணைக்கு இவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனேன். அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஒரு பெண் தமிழில் சொன்னார். அதிகாரி தன்மையான மனிதர். அவசரப்படுத்தவில்லை.

"ஐயா, கடையில நிக்கேக்கதான் கை விறைச்சதா?"

"ஓம்."

எனக்கு மூச்சு வந்தது. பிறகு கடைக்காரரின் வக்கீல் எழும்பினார்.

"கடையில இருந்து வெளிக்கிடேக்க சுகமாத்தானே இருந்தீங்க?"

"ஓம்."

"வீட்டுக்குப் போன பிறகுதானே வருத்தம் தொடங்கினது?"

"ஓம்."

தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் இவர் இடது கையால் நாற்காலியின் கையில் அடிக்கத் தொடங்கினார். கண்கள் என்னையே பார்த்தன. வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணீர் வடிந்தது.

"அவருக்கு வேற சொல் வராது, ஐயா," என்றேன். "அவர் சொல்ல நினைக்கிறது அது இல்லை."

மொழிபெயர்ப்புக்காரப் பெண் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். தனக்கு விளங்குகிறது என்றும், ஆனால் கடையில் நடந்ததைக் கண்டவர் ஒருவராவது வேண்டும் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி அறிக்கையில் என்ன வருத்தம் என்று இருந்தது. எங்கே தொடங்கியது என்று இல்லை.

முடிவு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை. மேன்முறையீடு செய்யலாம், ஆனால் சாட்சி இல்லாமல் பயனில்லை என்றார் எங்கள் வக்கீல். கிராண்ட்பாஸுக்கு இன்னொரு தரம் போக எனக்கு மனம் வரவில்லை.

முடிவு வந்த அன்று பின்னேரம் இவருக்கு உடம்பு துடைத்து, சேட்டு மாற்றிவிட்டுச் சொன்னேன். "சரிவரேல்லையப்பா." அவர் இடது கையால் கட்டிலின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். அவருக்குள் என்ன ஓடுகிறது என்று அறிய எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.